குறைவாக ஓடிய பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் செகண்ட் ஹேண்ட் வண்டி தேடிப் போகும் எவர் காதிலும் முதலில் விழும் வாக்கியம், “வண்டி ஓடவே இல்லை சார், வீட்டிலேயே நின்றது” என்பதாகத்தான் இருக்கும். பத்து ஆண்டுக்கு மேல் வயதாகியும் மீட்டரில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் மட்டுமே காட்டும் வண்டிகளைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் அல்ல. எனக்கும் பிறருக்கும் பழைய வண்டிகளைப் பார்த்து வாங்கி, ஓரிரு முறை நன்றாக ஏமாந்தும் பழகியவன்.

பன்னிரண்டு ஆண்டு பழைய வண்டி 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். இது நல்ல செய்திதானே?

முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டில் 9,000 என்றால் ஆண்டுக்கு 750 கிலோமீட்டர், நாளுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் ஒரே நாளில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிடுவார். இந்த 9,000 அவருக்கு ஓராண்டுக் கணக்கு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அந்த 9,000 எந்த ஆண்டுகளில், எந்த விதமாக ஓடியது என்பதுதான்.

வண்டி தினமும் பால் வாங்கவும் கோயிலுக்குப் போகவும் தெருமுனை வரை மட்டும் ஓடியிருந்தால், என்ஜின் ஒரு நாளும் முழுச் சூடு ஏறியிருக்காது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடு போதாத என்ஜினிலும் சைலன்சரிலும் தண்ணீராகவே தங்கி, ஆயிலைக் கெடுத்து, சைலன்சரை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும். முதல் இரண்டு ஆண்டில் எட்டாயிரம் ஓடிவிட்டுப் பிறகு பத்து ஆண்டு அசையாமல் நின்ற வண்டியில் வேறு வகைக் கோளாறுகள் இருக்கும்: பெட்ரோல் கெட்டுப் பிசினாகியிருக்கும், ரப்பர் காய்ந்திருக்கும், பேட்டரி செத்திருக்கும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவந்து துடைத்து நிறுத்திய வண்டியே இம்மூன்றில் மேலானது. அப்படிப்பட்டவை இருக்கின்றன, ஆனால் விளம்பரத்தில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை.

இதே வயதில் முறையாகச் சர்வீஸ் பார்த்து 35,000 ஓடிய வண்டியும், காரணம் தெரியாமல் 9,000-இல் நின்ற வண்டியும் ஒரே விலைக்குக் கிடைத்தால், நான் முதல் வண்டியைத்தான் எடுப்பேன்.

மீட்டர் காட்டுவது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீட்டரை வைத்து மீட்டரைச் சோதிக்க முடியாது. பழைய வண்டிகள் பலவற்றில் முன் சக்கரத்திலிருந்து ஒரு கேபிள்தான் மீட்டரைச் சுழற்றுகிறது. அந்தக் கேபிள் அறுந்தாலோ, கையால் கழற்றப்பட்டாலோ வண்டி ஓடும், எண் ஓடாது. ஐந்து இலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதால், 12,000 என்று காட்டுவது 1,12,000 ஆகவும் இருக்கலாம். டிஜிட்டல் மீட்டரையும் மாற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே உரிமையாளரின் கையும் காலும் தொட்ட இடங்களைப் பாருங்கள். கால் வைக்கும் ரப்பரிலும் கியர் லீவர் ரப்பரிலும் உள்ள வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் அது பத்தாயிரத்துக்குள் நடக்கிற தேய்மானம் அல்ல. அந்த ரப்பர்கள் மட்டும் புத்தம் புதிதாகவும் மற்றவை பழையவையாகவும் இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். சாவித் துளையைச் சுற்றியுள்ள கீறல்கள், ஹாரன் பட்டனில் அழிந்த படம், கைப்பிடி ரப்பரில் கட்டைவிரல் பதியும் இடம் ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

செயினைப் பார்ப்பது இன்னும் நம்பகமான வழி. பின் சக்கரத்தின் அச்சு, அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் கோடுகள் போட்ட ஒரு பகுதியில் அமர்ந்திருக்கும். செயின் நீள நீள, அச்சைப் பின்னால் தள்ளி இறுக்குவார்கள். அச்சு கடைசிக் கோட்டை நெருங்கியிருந்தால் அந்தச் செயின் வெகுதூரம் ஓடியது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கி போல ஒரு பக்கம் வளைந்திருந்தாலும் அதே பொருள்தான். நன்றாகப் பராமரித்த செயின் செட் 20,000 கிலோமீட்டரைத் தாண்டும். 9,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் வண்டியில் புதிய செயின் செட் இருந்தால், துருப்பிடித்ததால் மாற்றினார்களா, தேய்ந்ததால் மாற்றினார்களா என்று விசாரிக்க வேண்டும். பின் டிரம் பிரேக்கின் கையில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். பெடலை அழுத்தும்போது அது தகட்டிலுள்ள எல்லைக் கோட்டை எட்டினால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது. டிஸ்க் இருந்தால், வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது பேட் உரசும் பகுதியில் நகத்தை வைத்து வெளிவிளிம்பை நோக்கி இழுங்கள். நகம் ஒரு படியில் தட்டினால் டிஸ்க் கணிசமாகத் தேய்ந்திருக்கிறது.

பழைய சர்வீஸ் பில்கள் எல்லாவற்றிலும் மேலான சாட்சி. ஒவ்வொரு பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். இரண்டையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் வண்டியின் வாழ்க்கை வரலாறு கிடைத்துவிடும். 2014-இல் 11,400 என்று ஒரு பில் இருந்து, இன்று மீட்டர் 9,200 காட்டினால் அதற்கு மேல் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

“ஏன் ஓட்டவில்லை?” என்பதே முதல் கேள்வி. பதிலில் ஒரு கதை இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, மகன் வெளிநாடு போனான், வீட்டில் கார் வந்தது, மெட்ரோவில் போகத் தொடங்கினேன் என்பவை நம்பத்தகுந்த காரணங்கள். “சும்மாதான் நின்றது” என்பது காரணம் அல்ல.

இரண்டாவது, எங்கே நின்றது என்பது. வண்டியை டீக்கடை வாசலுக்கு எடுத்துவரச் சொல்லாமல், அது நின்ற இடத்துக்கே நீங்கள் போங்கள். அடுக்குமாடி வீட்டின் தூண்களுக்கு நடுவே நிழலில் நின்றதா, மொட்டை வெயிலில் நின்றதா, பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்தார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். உறை போட்டது நல்லது என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் உறைக்குள் ஈரம் தங்கி, திறந்து கிடந்த வண்டியைவிட அதிகமாகத் துருப்பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். வண்டியை நகர்த்தச் சொல்லிவிட்டுத் தரையைப் பாருங்கள்: ஆயில் சொட்டிய வட்டம், பெட்ரோல் ஒழுகி வெளுத்த சிமென்ட், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கு. வண்டியைத் துடைத்து வைக்கிறவர்கள் தரையைத் துடைப்பதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் பழைய வண்டி வாங்கக் கூடாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் பகுதிகளிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளிலும் தரைத்தளத்தில் நின்ற எத்தனையோ வண்டிகள் சீட் வரை நீரில் கிடந்தன. அவற்றில் பல கழுவப்பட்டு, பாலிஷ் போடப்பட்டு, “ஓடாத வண்டி” என்ற பெயரில் மீண்டும் சந்தைக்கு வந்தன. வெள்ளத்துக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாமல் நின்றதுதான் சில வண்டிகளின் குறைந்த கிலோமீட்டருக்குக் காரணம்.

வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. 2017-இல் மத்தியதர அலுவலர் ஒருவரிடமிருந்து 150 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். பெயிண்ட் கண்ணாடி போல இருந்தது, 7,000 கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டு வாரம் கழித்து ஹெட்லைட் விட்டுவிட்டு எரிந்ததால் மெக்கானிக் அதைக் கழற்றினார். குழிவான உட்பக்கத்தின் அடியில், காய்ந்து வெடித்த ஏரிக்கரை போல, ஓர் அங்குல அகலத்துக்கு வண்டல் படிந்திருந்தது. அதில் ஒரு சிறு நத்தை ஓடும் ஒட்டியிருந்தது. ஹெட்லைட்டுக்குள் நத்தை ஏறிப்போகும் வழி வெள்ளத்தைத் தவிர வேறில்லை.

அன்றிலிருந்து நான் கேட்பது ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான். ஹெட்லைட்டின் உட்புறம், சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டியின் மூலைகள், பக்கவாட்டு மூடிகளின் பின்புறம், ஏர் ஃபில்டர் பெட்டியின் அடித்தட்டு ஆகிய நான்கு இடங்களில் வண்டல் பொடியோ, நீர்மட்டம் வரைந்த பழுப்புக் கோடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒயர்கள் இணையும் சாக்கெட்டுகளை ஒன்றிரண்டு பிரித்துப் பார்த்தால், செம்பில் பச்சைப் பாசி போல் களிம்பு ஏறியிருப்பது தெரியும். சீட்டின் அடிப்பக்கத்தை மோந்து பாருங்கள். நனைந்து உலர்ந்த நுரைப்பஞ்சின் வாடை ஆண்டுகள் போனாலும் முழுதாகப் போகாது. என்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

மூழ்கிய வண்டி எல்லாமே தீண்டத் தகாதது என்று சொல்ல மாட்டேன். நீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்காமல், ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றி, முறையாகப் பிரித்துப் பூட்டிய வண்டி பல ஆண்டு ஓடும். நீர் நிறைந்த என்ஜினை உதைத்தும் செல்ஃப் போட்டும் பார்த்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக் கூடும். உண்மையை விற்பவர் முதலிலேயே சொல்லி, விலையிலும் அது தெரிந்தால் யோசிக்கலாம்.

கடற்கரைப் பகுதியில் இருந்த வண்டியை வாங்கலாமா?

வாங்கலாம், குனிந்து பார்த்துவிட்டு. பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம், ராயபுரம் போன்ற இடங்களில் உப்புக்காற்று ஸ்போக்குகளையும், சைலன்சரின் அடிப்பகுதியையும், மட்கார்டின் உள்விளிம்பையும் தின்னும். அலுமினியப் பாகங்களில் வெள்ளைப் பொடி பூக்கும். மேல்துரு தேய்த்தால் போய்விடும். ஃபோர்க் குழாயின் பளபளப்பான பகுதியில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் மட்டும் செலவு காத்திருக்கிறது. எத்தனை முறை ஆயில் சீல் மாற்றினாலும் அந்தக் குழிகள் அதை அறுத்துக்கொண்டே இருக்கும்.

பெட்ரோல் டேங்கில் எதைப் பார்க்க வேண்டும்?

மூடியைத் திறந்து, முதலில் மூக்கை வையுங்கள். பிறகு கைப்பேசி விளக்கை அடியுங்கள். நல்ல பெட்ரோலின் கூர்மையான வாசனைக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் நெடி வந்தால் அது மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல். டேங்கின் உட்சுவர் செம்மண் நிறத்தில் இருந்தால், வண்டி பாதி டேங்குடன் நின்றிருக்கிறது என்று பொருள். பெட்ரோல் இல்லாத மேல்பகுதியில்தான் ஈரக்காற்று தங்கித் துருவைத் தொடங்கும். கார்புரேட்டர் வண்டியில் கெட்ட பெட்ரோல் முதலில் அடைப்பது, ஐட்லிங்கில் பெட்ரோல் விடும் சிறு துளையான ஸ்லோ ஜெட்டை. சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் அணைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அதுவே. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது அரைநாள் வேலை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் விற்ற வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு அது வசதி. நிற்கும் வண்டிக்கு அல்ல. டேங்குக்குள் இருக்கும் பம்ப் இறுகிக்கொண்டாலும், இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டாலும் தெருமுனைப் பட்டறையில் வேலை முடியாது, செலவும் கூடும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் அது தண்ணீருடன் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் படியும். அடியிலிருந்துதான் என்ஜினுக்குப் பெட்ரோல் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய வண்டிகளின் பெட்ரோல் டியூபும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களும் இந்தக் கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. டியூபை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலும், தொட்டால் பிசுபிசுத்தாலும் அன்றே மாற்ற வேண்டும். சூடான என்ஜினின் தலைமேல் பெட்ரோல் சொட்டுவதில் விளையாட்டு இல்லை.

என்ஜினை எப்படிச் சோதிப்பது?

பார்க்க வருவதாகத் தொலைபேசியில் சொல்லும்போதே, “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் பேச்சோடு பேச்சாக என்ஜின் அருகே கையைக் கொண்டுபோங்கள், பிறகு தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சரைக் கவனியுங்கள். சிறிது வெண்புகை வந்து நின்றுவிட்டால் அது ஈரம், பயப்பட வேண்டாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நின்ற வண்டிகளில் வால்வு சீல் காய்ந்து இறுகுவதால், ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்தில் மட்டும் நீலப் புகை வந்து ஓயும். அது சிறு செலவு. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன், ரிங், சிலிண்டரின் உட்துளை (போர்) வரை வேலை இருக்கலாம். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் ஆயிலை எரித்தே ஓடுபவை என்பதால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கிளட்சை முழுதாகப் பிடித்தபடி முதல் கியர் போட்டதும் வண்டி முன்னே துள்ளினால் அதுதான் காரணம். ஆகவே முதல்முறை கியர் போடும்போது முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது போதாது. டயரும் பிரேக்கும் அதற்குத் தகுதியாக இருந்தால், உரிமையாளரின் சம்மதத்துடன் குறைந்தது எட்டு, பத்து கிலோமீட்டர், இரண்டு மூன்று சிக்னலில் நிற்கும்படியான சாலையில் ஓட்டுங்கள். பல கோளாறுகள் சூடேறிய பிறகுதான் வெளிவரும்: நிற்கும்போது அணைந்துபோவது, அணைத்துவிட்டு உடனே உதைத்தால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது, சிலிண்டர் ஓரத்தில் ஆயில் கசிவது. மே மாத மதியத்தில் சோதித்து வாங்கிய வண்டி எனக்கு இதுவரை ஏமாற்றம் தந்ததில்லை.

டயரில் நிறைய பட்டன் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2313 என்றால் 2013-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு ஆண்டைக் கடந்த டயரை, பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) முழுதாக இருந்தாலும் நான் ஓட்டுவதில்லை. ரப்பர் இறுகிவிடும், ஈரச்சாலையில் பிடிக்காது. வேடிக்கை என்னவென்றால், வண்டியின் வயதோடு ஒத்துப்போகும் தேதியுள்ள, பட்டன் தேயாத டயர்தான் குறைந்த கிலோமீட்டருக்கு நல்ல சாட்சி. சாட்சியம் சொன்னதும் அதைக் கழற்றிப் போட வேண்டும், டியூபோடு சேர்த்து.

பிரேக், ஃபோர்க், ஹேண்டில்பார் பற்றி?

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரு விரலால் இடமும் வலமும் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நேராக இருக்கும் நிலையில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால், ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டை மாற்ற வேண்டும். பிறகு ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்; கடகடவென்றால் அதுவும் கோன் செட்டே.

டிஸ்க் பிரேக்கின் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். தேன் நிறத்தைத் தாண்டிக் கருப்பாக இருந்தால் ஒருநாளும் மாற்றவில்லை. டிஸ்க்கைக் கவ்வும் காலிபரின் பிஸ்டன் துருவால் இறுகி, லீவரை விட்ட பிறகும் சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொள்வது நின்ற வண்டிகளில் சகஜம்.

பேட்டரியும் ஒயரிங்கும்?

பேட்டரி எப்படியும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். சார்ஜ் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். மல்டிமீட்டரை வைத்து, என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

ஒயரிங்கில் நான் தேடுவது எலியின் பல் தடம். கே.கே. நகரில் ஒரு வீட்டின் போர்ட்டிகோவில் ஆறு ஆண்டு நின்ற வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது, தேங்காய் நார், பஞ்சு, ஒரு கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் ஓரம் எல்லாம் சேர்த்துக் கட்டிய கூடு ஒன்று இருந்தது. உரிமையாளர் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்து, அது தம் மகள் கல்யாணப் பத்திரிகை என்றார். வண்டி எந்த ஆண்டிலிருந்து நிற்கிறது என்பது அப்போது இருவருக்குமே உறுதியாயிற்று. சைலன்சர் வாயில் குளவிக் கூடு இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

ஆர்.எக்ஸ். 100, பழைய புல்லட் போன்றவற்றில் “குறைவாக ஓடியது” என்பதை நம்பலாமா?

நம்பாமல் பேசத் தொடங்குவது நல்லது. யமஹா ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. அவற்றில் இளையதுக்கே முப்பது வயதாகிறது. திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டுகளும் வயதானவைதான். இத்தனை ஆண்டில் மீட்டர் ஒருமுறையாவது மாறியிருக்கும், என்ஜின் ஒருமுறையாவது பிரிக்கப்பட்டிருக்கும். இவற்றில் பார்க்க வேண்டியது என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான். இரண்டையும் பதிவுச் சான்றோடு (ஆர்.சி.) ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடம் மட்டும் அரம் போட்டது போல வழவழப்பாக இருந்தாலோ, எழுத்துகள் வரிசை தப்பியிருந்தாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

உதிரிப் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. ஆனால் அதிகம் விற்காமல் நின்றுபோன மாடல்களுக்குப் புதுப்பேட்டையிலும் கை விரித்துவிடுவார்கள். வாங்கும் முன்பே அந்த மாடலின் கிளட்ச் கேபிள், கார்புரேட்டர் கிட், இண்டிகேட்டர் மூன்றும் கிடைக்கிறதா என்று ஒரு நடை போய் விசாரித்து வாருங்கள்.

ஆவணங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதிவுச் சான்று முதல் பதினைந்து ஆண்டுக்குத்தான் செல்லும்; அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, பசுமை வரி செலுத்தி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். நின்ற வண்டிகளில் பெரும்பாலும் இது தவறிப்போயிருக்கும். புதுப்பிக்கும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள். “நீங்கள் வாங்கிக்கொண்டு செய்துகொள்ளலாம்” என்றால் அந்தச் செலவையும் அலைச்சலையும் விலையில் கழியுங்கள். டெல்லிப் பகுதியில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை.

வாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, காப்பீடு, கடன் அடமானம் ஆகியவை தெரியும். கடன் எப்போதோ அடைந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் இருக்கும். வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் இல்லாமல் பெயர் மாறாது. நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களையும் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இது விற்பவருக்கும் தலைவலி என்பதை அவரிடம் எடுத்துச் சொன்னால், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உங்களோடு வர அவரே சம்மதிப்பார். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார். வாங்கலாமா?

சென்னையில் உண்மையாகவே குறைவாக ஓடிய வண்டிகளில் கணிசமானவை இப்படித்தான் வருகின்றன, அவற்றில் நல்ல வண்டிகளும் உண்டு. இறந்தவர் பெயரிலிருந்து நேரடியாக உங்கள் பெயருக்கு மாற்றும் குறுக்குவழி எதையும் ஏற்காதீர்கள். முதலில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றுடன் படிவம் 31 வழியாக வாரிசு ஒருவர் பெயருக்கு வண்டி மாற வேண்டும். அவரிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டும். அந்த மகன் பத்து நாள் விடுப்பில் வந்திருக்கிறார் என்றால் இந்த வேலை முடிவதற்குள் அவர் விமானம் ஏறிவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் முழுப்பணம் தராமல் காத்திருப்பதே சரி. அந்த வீட்டு அம்மாவிடம் பேசும்போது பேரத்தைச் சற்றுக் கண்ணியமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அது அவர் கணவர் தினமும் துடைத்து வைத்த வண்டி.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

அதே மாடல், அதே ஆண்டு, சாதாரணமாக ஓடிய வண்டியின் சந்தை விலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நின்ற வண்டிக்கு இரண்டு டயர், டியூப், பேட்டரி, பெட்ரோல் டியூப், பிரேக் ஷூ அல்லது பேட், எல்லா ஆயிலும், கார்புரேட்டர் வேலை, சில சமயம் செயின் செட், ஃபோர்க் சீல் ஆகியவை உறுதியான செலவு. 150 சிசி வண்டிக்கு இதற்கு மட்டும் பத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய் வரை எனக்குச் செலவாகியிருக்கிறது. விற்பவர் குறைந்த கிலோமீட்டருக்காகக் கூடுதல் விலை கேட்பார். நீங்கள் இந்தப் பட்டியலைத் தாளில் எழுதி, அவர் முன்னால் கூட்டிக் காட்டுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும்.

மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டுமா?

ஆம், உங்கள் மெக்கானிக்கை. அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். “வாங்கினால் வேலை உனக்குத்தான்” என்று சொல்லி இலவசமாக அழைத்துப் போனால், வாங்கச் சொல்வதில் அவருக்கும் ஓர் ஆதாயம் வந்துவிடும்.

பணம் கொடுத்துவிட்டேன். அன்றே வீட்டுக்கு ஓட்டி வரலாமா?

நெடுநாள் நின்ற வண்டி என்றால் வேண்டாம். பழைய டயரையும் பழைய பிரேக் ஆயிலையும் நம்பி ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே வருவதைவிட, ஒரு ‘குட்டி யானை’ மினி லாரியை வாடகைக்கு அழைத்து நேராக மெக்கானிக் பட்டறைக்கே ஏற்றி வருவது நல்லது. ஏற்றும் முன் டேங்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் குழாயை (காக்) மூடுங்கள். வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்க்காமல் நிமிர்த்தி நிறுத்தி, ஹேண்டில்பாரின் முனைகளில் அல்லாமல் ஃபோர்க்கின் அடித்தாங்கியில் இருபுறமும் கயிறு போட்டு, ஃபோர்க் பாதி அமுங்கும் வரை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். கயிறு டேங்கில் உரசும் இடத்தில் ஒரு பழைய துண்டை மடித்து வையுங்கள். இத்தனை ஆண்டு கீறல் படாமல் இருந்த பெயிண்ட் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் உரிகிறது.